இடது பக்கம் வெறும் புல்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
12 அக்டோபர் 1935

அன்புள்ள ரமணிக்கு,

இங்கு நான் சுகம். நீ சுகமென்று மெட்ராசிலிருந்து மாமா எழுதியிருந்தார். நீயே எழுதியிருந்தால் நம்பியிருப்பேன். இனி ஹாக்கி மட்டையைத் தொடமாட்டேன், கோலாலம்பூருக்கே திரும்பமாட்டேன் என்று அவரிடம் சொன்னாயாம்.

ஒரு வாரமாக மழை. ரயில்வே குடியிருப்புப் பக்கம் தண்ணீர் ஏறி வடிந்துவிட்டது. பக்கத்து வீட்டு வள்ளியம்மா தினமும் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "டீச்சரம்மா, தம்பி எப்ப வருது?" என்கிறாள். லீவில் போயிருக்கிறான் என்கிறேன். அந்த லீவு அடுத்த மாதக் கடைசியில் முடிகிறது என்பது அவளுக்கும் தெரியும், உன் ஆபீசுக்கும் தெரியும். எனக்கு வகுப்பில் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கணக்கைப் பலகையில் எழுதிவிட்டு ஜன்னலுக்குப் போகிறேன். திரும்பி வந்து, எங்கே விட்டேன் என்று பிள்ளைகளைக் கேட்கிறேன்.

கெல்லர் துரை வீட்டுக்கு வந்திருந்தார். உங்கள் ஹாக்கி அணிக்கு அவர் பயிற்சி தரத் தொடங்கியபோதே, பனிக்கட்டிமேல் ஹாக்கி ஆடியவருக்குப் புல்தரையில் என்ன வேலை என்று கேட்டவள் நான். கிள்ளான் அணியோடு ஆடிய அன்று நீ தோளால் மோதி, அவர்கள் பக்கத்து மைதீன் எலும்பு முறிந்து விழுந்தபோது, இந்த மோதலைக் கற்றுத் தந்தவர் இவர்தானே என்று நினைத்தேன். இப்போது அதை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன்.

அவர் மறுக்கவில்லை. ஸ்விட்சர்லாந்தில் ஒரு மலையூர் அணியில் பதினாறு வயதிலிருந்து உன்னைப்போலத் தடுப்பாட்டக்காரராக இருந்தவராம். முன்பற்கள் போனது அங்கேதான். முழங்காலும் போன பிறகு, உறைந்த ஏரியில் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார். அதற்கப்புறம்தான் ரப்பர் கம்பெனி வேலைக்கு மலாயா வந்தார். பனியில் மோதினால் விழுந்தவன் வழுக்கிக்கொண்டே போவான், அடியில் பாதி வழுக்கலிலேயே தீர்ந்துவிடும், இங்கே தரை ஆளைப் பிடித்து நிறுத்திவிடும் என்பதை மறந்துபோனேன் என்றார். அவர் சொன்னதில் எனக்குப் புத்தியுள்ளதாகப் பட்ட முதல் பேச்சு அது.

இன்னொன்றும் சொன்னார். அவர்கள் ஆட்டத்தில் தப்புச் செய்தவனைச் சில நிமிடம் ஓரத்தில் உட்கார வைப்பார்களாம். அதுவரை அவன் இடத்துக்கு வேறு ஆள் கிடையாது. அணி ஓர் ஆள் குறைவாக ஆடும். நேரம் முடிந்ததும் அவனே ஓடிப்போய்த் தன் இடத்தில் நிற்க வேண்டும். திரும்பாத ஒருவனைத் தான் பார்த்ததே இல்லை என்றார்.

நம் ஆட்டத்தில் அப்படி வழக்கம் இல்லையே என்றேன். தெரியும் என்றார். ஆனாலும் மாலைப் பயிற்சியில் உன் பக்கம் பதினோரு பேருக்குப் பதில் பத்துப் பேர்தான் ஆடுகிறார்கள். நம்பாமல் நேரில் போய்ப் பார்த்தேன். வலது பக்கம் கௌஸ் தனியாக நிற்கிறான். நீ நிற்கும் இடது பக்கம் வெறும் புல். எதிரே ஆடுகிறவர்கள் எல்லாப் பந்தையும் அந்த வழியாகவே கொண்டுவந்து கோல் போடுகிறார்கள். கோல் காக்கிற சின்னையா, "தொரை, அங்க யாரையாச்சும் நிப்பாட்டுங்க, மானம் போவுது!" என்று கத்தினான். கௌஸ் திரும்பிப் பார்க்காமலே, "வாய மூடுலா, அந்த எடம் வாடகைக்கு இல்ல" என்றான்.

போன ஞாயிறு ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனேன். மைதீன் கையைத் துணிக்கட்டில் தொங்கவிட்டபடி அவன் அத்தாவின் கடையில் உட்கார்ந்திருந்தான். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்ததும், "அவன் மெட்ராஸ்ல ஒளிஞ்சா என் எலும்பு சீக்கிரம் ஒட்டுமா, டீச்சரம்மா? வரச் சொல்லுங்க. அவனத் தாண்டி ஒரு கோல் போடணும் நான்" என்று சிரித்தான். அவன் தாய் ஜுபைதா சிரிக்கவில்லை. தேநீரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தக் கோபம் நியாயமானது. அதற்கு நான் பதில் சொல்ல முடியாது, நீதான் அவர் முன்னால் வந்து நிற்க வேண்டும்.

நீ மறுபடி ஆட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. துரை மைதானத்து ஓரத்தில் ஒரு பெஞ்சு போட்டு வைத்திருக்கிறார். பள்ளி விட்டதும் அங்கே போய் அதில் சற்று உட்காருகிறேன். மைதானம் நான் வீட்டுக்கு வரும் வழியே இல்லை என்று உனக்குத் தெரியும். அங்கே உட்கார்ந்தால்தான் கால் ஓரிடத்தில் இருக்கிறது.

சாமியிடம் வேண்டிக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை. அதனால் உன்னிடம்தான் கேட்க முடியும். வந்துவிடப்பா.

உன் அம்மா,
சீதாலெட்சுமி