தகரக் கூரையில் அளந்த அன்டெனா

நவம்பர், செவ்வாய் இரவு

நேற்றுக் கடலில் எஞ்சின் நின்றுபோய், உம்மாவின் தம்பி ஹனீபா மாமா நான் பூட்டிக் கொடுத்த ரேடியோவில் மூன்று மணித்தியாலம் கூப்பிட்டிருக்கிறார். கரையில் ஒருவருக்கும் கேட்கவில்லை. பொழுது சாய்ந்துதான் வேறொரு போட் இழுத்து வந்தது.

இன்று காலை கடற்கரை மீன்வாடியில் எல்லார் முன்னாலும் சொன்னேன்: "செட்டு நல்லம் மாமா. பட்டன அமத்திப் பிடிச்சிட்டுக் கதைக்க உங்களுக்குத்தான் தெரியா."

எல்லாரும் சிரித்தார்கள். "ஓம் மனே, வல புடிச்ச கைதானே," என்று அவரும் சிரித்தார்.

பின்னேரம் மீட்டரோடு போட்டில் ஏறினேன். ரேடியோ அனுப்பும் சக்தியில் பாதி அன்டெனாவில் ஏறாமல் வயரிலேயே திரும்பி வந்தது. அன்டெனாவை நான் வெட்டிப் பொருத்தம் பார்த்தது எங்கள் வீட்டுத் தகரக் கூரையில். அடியில் தகரம் இருந்ததால் அங்கே சரியாகக் காட்டியது; ஃபைபர் போட்டில் தகரம் ஏது? பூட்டிய பிறகு மறுபடி அளக்க ஐந்து நிமிடம் போதும். அளக்கவில்லை.

தகரத்துக்குப் பதிலாக அடியில் நான்கு செப்புக் கம்பிகளை விரித்துப் பூட்டினேன். சரியாகிவிட்டது.

"என்ன பிழை மனே?"

"வயர் கொஞ்சம் லூஸ் மாமா."

"நான்தான் காலால தட்டியிருப்பன். கோவிச்சிக்காத."

மீட்டரை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். நாளை சுபஹுத் தொழுகைக்குப் பள்ளிவாசலில், வாடியில் சிரித்த அதே ஆட்கள்தான் இருப்பார்கள். பிழை என்னுடையது என்று அவர்கள் முன்னாலேயே சொல்ல வேண்டும். வாய் வருமா என்று தெரியவில்லை.