கேன் தண்ணீர்

வியாழன், ஏப்ரல் 16

காலையிலிருந்தே புழுக்கம். மாவு அரைக்க உட்கார்ந்தேன், பாதியில் கரன்ட் போய்விட்டது. அப்படியே கிடக்கிறது.

இதை எங்கேயாவது இறக்கி வைக்கணும். வேறு இடம் இல்லை.

உப்பளத்தில் குடிதண்ணீர் என் பொறுப்பு. தெருக் குழாயில் கேன் பிடித்து, ஷேர் ஆட்டோவில் ஏற்றி, கொட்டகை நிழலில் வைப்பது நான். அதற்காக மேஸ்திரி எனக்குக் கடைசி நடை உப்பு தூக்குவதை விட்டுக்கொடுத்திருக்கிறார். கண்ணுக்கு எட்டிய வரைக்கும் தண்ணீர்தான், ஒரு வாய் குடிக்க ஆகாது. அதனால் அந்தக் கேனில் யாரும் கைகூடக் கழுவக் கூடாது. கால் கழுவுவதெல்லாம் வேலை முடிந்து, ரோட்டோரப் பைப்பில். இந்தச் சட்டத்தை வாய் கிழியப் பேசுகிறவளும் நான்தான்.

இன்று பாத வெடிப்புக்குள் உப்புத் தண்ணீர் இறங்கி உயிர் போனது. வெற்றிலை எடுக்கிற சாக்கில் கொட்டகைக்கு வந்தேன். மற்றவர்கள் எல்லாம் பாத்தியில். ஒரு டம்ளர் மொண்டு காலில் ஊற்றினேன். என்ன சுகம். இன்னொரு டம்ளர். அப்புறம் அடுத்த கால். பிறகு டம்ளரை வைத்துவிட்டுக் கேனையே சாய்த்தேன். தூக்கிப் பார்த்தால் லேசாக இருந்தது. மூடியை இறுக்கித் திருகிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி கூடையோடு போய்விட்டேன்.

வெயில் ஏறியதும் அஞ்சலை அக்கா தண்ணீர் குடிக்க வந்தார்கள். அடியில் ஒரு டம்ளர் இருந்திருக்கும். "புள்ளைக்குப் பால் குடுக்கறவ, நீ குடி"ன்னு அதைச் செல்விக்குக் கொடுத்துவிட்டு மறுபடி கூடை தூக்கப் போனார்கள். வரப்பு மேலேயே சரிந்தார்கள். முகமெல்லாம் வெளுத்து, உப்பு சிதறி. மேஸ்திரி பைக்கில் பறந்து போய் ஈசிஆர் ரோட்டுக் கடையில் பாட்டில் வாங்கி வந்தார். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிய பிறகு கண் திறந்தார்கள்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. நான்தான் முந்திக்கொண்டேன்.

"கேன யாருடி காலி பண்ணது? குடிக்கிறீங்களா, குளிக்கிறீங்களா?"

சொல்லிக்கொண்டே செல்வியைப் பார்த்தேன். புதிதாகச் சேர்ந்தவள். டம்ளர் இன்னும் அவள் கையில்.

"நான் ஒரு டம்ளர்தாங்க்கா குடிச்சேன்."

"ஆமா, குடிச்சவ ஒத்துக்கப் போறாளா!"

குளிக்கிறீங்களான்னு கேட்டேனே. அந்த வார்த்தை எப்படி வந்தது என் வாயில்.

வெள்ளி, 17

மேகமூட்டம். உப்பு கரைந்துவிடுமோ என்று மேஸ்திரி வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் மழை இல்லை.

செல்வி வரவில்லை. குழந்தைக்குச் சளியாம். நம்பத்தான் பார்க்கிறேன்.

வாங்கணும்: தீப்பெட்டி, சீயக்காய், வெடிப்புக்கு ஆயின்மென்ட். இப்போது ஞாபகம் வருகிறது ஆயின்மென்ட்.

நாள் முழுக்க எனக்கு நானே வக்கீல். வலி, அவசரம், யாராக இருந்தாலும் செய்வார்கள். பொய். அஞ்சலை அக்கா காலும்தான் பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. கேன் பக்கத்திலேயே உட்கார்ந்து எச்சில் தொட்டுத் தடவிக்கொள்வார்கள். காரணம் வலி இல்லை. தூக்கி வருகிறவள் நான், காவல் காக்கிறவளும் நான், என்னை யார் கேட்பது என்ற நினைப்பு. அந்தக் கேன் என்னுடையது என்றே இருந்திருக்கிறேன்.

ராத்திரி சாப்பிடும்போது வீட்டுக்காரர்: "என்னா, ரேடியோ ரிப்பேரா?" தினமும் யார் யார் என்ன தப்பு செய்தார்கள் என்று நான்தான் வாசிப்பேன். குழம்பை ஊற்றிவிட்டு எழுந்துவிட்டேன்.

சனி, 18

செல்வி வந்தாள்.

"கொழந்தைக்குப் பரவால்லையாம்மா?"

"பரவால்லைங்க." முகத்தைப் பார்க்கவில்லை.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மேஸ்திரி வந்தார், அதைச் சாக்காக வைத்து விட்டுவிட்டேன். அவர் வரவில்லை என்றால் ஒரு காக்கா பறந்திருந்தாலும் எனக்குப் போதும். கேவலமாக இருக்கிறது.

ஞாயிறு

துணி. மீன் வாங்கவில்லை. மாவு புளித்துவிட்டது.

திங்கள், 20

சொல்லிவிட்டேன். சோற்று நேரம், எல்லோரும் கொட்டகையில். "அன்னிக்கு செல்வி மேல தப்பில்ல. நான்தான் அந்தத் தண்ணில கால் கழுவினேன்." அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

அஞ்சலை அக்கா, "தெரியும் மல்லிகா. கேன் வெச்ச எடத்துல மண்ணு சேறா கெடந்துச்சு. செல்விகிட்டயும் அன்னிக்கே சொல்லிட்டோம்."

"அப்ப ஏங்க்கா என்ன கேக்கல?"

"உன்னாண்ட யாரு வாய் குடுக்கறது? ஒண்ணு கேட்டா ஒம்போது பேசுவ."

கோபமே இல்லை. இன்றைக்கு வெயில் ஜாஸ்தி என்கிற மாதிரி சொன்னார்கள். கோபப்பட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

செல்வியிடம் மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டினாள். டிபன் பாக்ஸை மூடினாள்.

பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். என்ன அவசரம் எனக்கு! எல்லோருக்கும் தண்ணீர் மொண்டு கொடுக்கலாம் என்று எழுந்தேன். "இருக்குதுக்கா, இருக்குதுக்கா" என்று ஒவ்வொருத்தியும் பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். அஞ்சலை அக்காவும். நேற்றே பேசி வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து கொண்டு வந்திருக்கிறார்கள். சனிக்கிழமை சொல்லியிருந்தால்?

"நாளைக்குக் கேன் எடுத்தாரட்டுமாக்கா?"

"உன் இஷ்டம்."

ஆட்டோவில் ஏறும்போது டிரைவர் கேனைத் தூக்கக் கை கொடுத்தான். "என்னாக்கா, போறப்பவும் ஃபுல்லா இருக்குது?"

கேனை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.