மேரியின் சீல்

ஜூன் 9, திங்கள்

காலை ஏழரைக்கே வெயில். மேற்கத்திக் காற்று, வாயெல்லாம் புழுதி. மோட்டார் ரிப்பேர், குளித்தும் குளிக்காமலும் வேலைக்கு.

இந்த நோட்டு கம்பெனி கொடுத்தது. நீல அட்டை, மேலே தாமரைப் படம். பக்க எண் அச்சடித்திருக்கிறது, அறுபது வரை. பழைய முதலாளி விற்றுவிட்டுப் போய் ஒரு மாதம், புது மேனேஜர் கார்த்திக் வந்து பத்து நாள். கோயம்புத்தூர்க்காரர். முப்பது வயது இருக்கலாம். எல்லாரையும் ஷெட்டில் உட்காரவைத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார்.

"மாற்றம் நடக்கிறப்ப மனசு அலைபாயுமுங்க. தினமும் மனசுல இருக்கிறத அப்படியே எழுதுங்க. இது உங்களுக்கு மட்டுந்தான். யாரும் பாக்க மாட்டோமுங்க."

பத்தொன்பது வருஷத்தில் என் மனதில் என்ன இருக்கிறதென்று இந்த ஷெட்டில் ஒருவர் கேட்டதில்லை. இப்போது நோட்டே கொடுத்துக் கேட்கிறார்கள். என்னமோ வரப்போகிறது.

பிறகு கண்ணை மூடச் சொன்னார். மூச்சை இழுக்க, விட. "கால் ரெண்டும் தரையில பதிஞ்சிருக்கிறத உணருங்க" என்றார். பக்கத்தில் மேரி, மெதுவாக: "நான் என்னா மச்சுலயா இருந்தேன் இத்தினி நாளும்?" சிரிப்பை அடக்கியதில் எனக்கு மூச்சு முட்டியது.

தினம் கால் மணி நேரம் இது உண்டாம். அமைதி வகுப்பு. இனி அ.வ. என்று எழுதினால் போதும்.

வாங்க: உளுந்து, தேங்காய், இவருக்கு பிரஷர் மாத்திரை.

ஜூன் 11, புதன்

வெயில் அப்படியே. இன்று அ.வ.-வில் நோட்டில் எழுத ஒரு வேலை: 'உங்கள் பணியை மூன்று வரியில் எழுதுக.'

1. கரண்டுக் கம்பத்தின் மேல் உட்காரும் பீங்கான், இன்சுலேட்டர். சூளையிலிருந்து ஆறி வந்ததும் ஒவ்வொன்றையும் குச்சியால் தட்டுவேன்.
2. நல்லது கிணிங் என்னும். விரிசல் உள்ளது டொக் என்னும். விரிசல் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும்.
3. நல்லதின் அடியில் என் ரப்பர் சீலைக் குத்துவேன்: கோ. கோமதி. எதிரே உட்கார்ந்து தட்டும் மேரியின் சீல்: மே.

நாலாவது வரி கேட்கவில்லை, நானே எழுதுகிறேன். டொக் என்றதைத் தெரியாமல் அனுப்பினால் மழையில் விரிசலுக்குள் தண்ணீர் இறங்கும். கரண்டு கம்பத்தில் இறங்கும். எவனாவது அந்தக் கம்பத்தில் மாட்டைக் கட்டியிருப்பான்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் போர்டில் நோட்டீஸ். தட்டிப் பார்க்க அடுத்த மாதத்திலிருந்து ஒருவர் போதுமாம். இன்னொருவர் பேக்கிங்குக்கு, காண்ட்ராக்டர் கீழே. யார் என்று மாதக் கடைசியில் சொல்வார்கள். பார்க்கப்படுவது: எண்ணிக்கை, ஒழுங்கு, மன அமைதி.

மேரியும் நானும் போர்டு முன்னால். அவள் டிபன் டப்பாவைத் திறந்து கருவாட்டுக் குழம்பில் பாதியை எனக்குத் தள்ளினாள், எப்போதும்போல.

ஜூன் 13, வெள்ளி

நாங்கள் தட்டும் இடத்துக்கு மேலே இரண்டு ஸ்பீக்கர் மாட்டிவிட்டார்கள். புல்லாங்குழல், அருவிச் சத்தம், நடுவில் ஏதோ குருவி. எட்டு மணி நேரமும். மனதை நிலைநிறுத்தும் இசையாம்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை! கிணிங்கும் டொக்கும் அருவியோடு போய்விட்டது.

மேனேஜரிடம் போனேன். "சார், இதப் போட்டா விரிசல் தெரியாது சார். நாங்க காதாலதான் பாக்குறோம்."

"அக்கா, புதுசுன்னா முதல்ல அப்படித்தானுங்க இருக்கும். ஒரு வாரம் மூச்சுப்பயிற்சி பண்ணுங்க, பழகிடும்."

மூச்சுக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வந்தேன். அதற்குள் அட்டையில் எதையோ எழுதினார். தலைகீழாகப் படித்தேன்: கோமதி, மாற்றத்தை எதிர்க்கிறார்.

திரும்பி வந்துவிட்டேன். வரும்போது 'சரிங்க சார்' என்று சொன்னேனே, அதை நினைத்தால்தான் இப்போது எரிகிறது.

ஜூன் 16, திங்கள்

புழுக்கம். மழை வருவதுபோல் காட்டிவிட்டு விருத்தாசலத்தைத் தாண்டிப் போய்விட்டது.

மேரி ட்ரேயைத் தூக்கிக்கொண்டு வெளியே தண்ணீர்த் தொட்டி பக்கம் போய்த் தட்டுகிறாள். அங்கே பாட்டு கேட்காது. ஒரு நடைக்கு இருபதுதான் தூக்க முடியும். வெயிலில் நின்று தட்டி, திரும்பி வந்து, மறுபடி. மணிக்கொரு தரம் எண்ணிக்கை போர்டில் ஏறுகிறது. என்னுடையதில் பாதிகூட இல்லை அவளது.

நான் உள்ளேயே. பீங்கானைக் காதோடு ஒட்டி மூன்று தட்டு. அதிர்வை விரலால் பார்க்கிறேன். சந்தேகம் என்றால் கழித்துவிடுகிறேன். கழுத்து விட்டுப்போகிறது.

"உள்ள வந்து நீயும் ஒட்டி வச்சித் தட்டேன்டி."

"எனக்கு அப்டி தெரியல கோமதி. காதுல கணீர்னு வுழணும். இல்லன்னா என் சீல குத்த மாட்டேன்."

வீட்டில் இவரிடம் சொன்னேன். வேப்பூர் பஸ் ஓட்டுகிறவர், நாள் முழுக்க ஹாரனில் இருக்கிறவர். "ஒனக்கு வேல நிக்கணுமா வாணாமா? நிக்கணும்னா சும்மா இரு" என்றார். வேறு யார் சொன்னாலும் இதையேதான் சொல்வார்கள்.

ஜூன் 19, வியாழன்

எழுதலாமா வேண்டாமா. எனக்கு மட்டும்தானே, எழுதுகிறேன்.

காலை அ.வ.-வில் மேனேஜர் சொன்னது: மூன்று மணி எண்ணிக்கையில் யார் குறைவோ அவர்களிடம் 'தனியாகப் பேச வேண்டியிருக்கும்'. மேரியைப் பார்த்துத்தான் சொன்னார்.

இரண்டே முக்கால். மேரி தொட்டி பக்கம். அவள் மேஜையில் தட்டாத நாற்பது, பக்கத்தில் அவள் சீல். அவள் வருவதற்குள் மேனேஜர் வந்துவிடுவார். போய் உட்கார்ந்து அவள் நாற்பதையும் தட்டி, அவள் சீலையே குத்தினேன். மே, மே, மே.

அவள் வந்தபோது எண்ணிக்கை ஏறியிருந்தது. நானாகச் சொல்லவில்லை. தான் ஏற்கனவே முடித்து உள்ளே வைத்த ட்ரேயையும் சேர்த்து எண்ணியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். "தப்பிச்சேன்டி" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். முகம் சிவந்து கன்றியிருந்தது.

நல்லதுதான் செய்தேன். சிநேகிதிக்குச் செய்தேன்.

ஆனால் என் சீலுக்கு மூன்று தட்டு தட்டுகிறவள், அவள் சீலுக்கு ஒரு தட்டுதான் தட்டினேன். நேரம் இல்லை என்பது உண்மை. அது மட்டும்தானா என்று தெரியவில்லை.

ஜூன் 20, வெள்ளி

லோடு போய்விட்டது. லாரி கேட்டைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

இட்லி மாவு புளித்துவிட்டது.

ஜூன் 27, வெள்ளி

லோடு திரும்பவில்லை, போன்தான் வந்தது. வாங்கியவர்கள் சோதித்ததில் பதினேழு விரிசல். போட்டோவும் அனுப்பியிருக்கிறார்கள். அடிப்பக்கம். பதினேழும் மே.

மேனேஜர் அறையில் மேரி, நான், அவர். அங்கேயும் சன்னமாக அருவி.

"மேரி அக்கா, வெயில்ல நின்னு தனியா செக் பண்றேன்னீங்க. இதுதானுங்களா?"

மேரி போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "என் சீலுதான் சார்" என்றாள். "ஆனா நான் தட்னது தப்பாது சார். பதினெட்டு வருஷத்துல ஒண்ணு திரும்பல."

என்னைப் பார்த்தாள். நீயாவது சொல்லேன் என்று பார்த்தாள். அவளுக்கு நல்ல காது என்று நான் சாட்சி சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

நான் மூச்சை உள்ளே இழுத்தேன். விட்டேன். கால் இரண்டும் தரையில் பதிந்திருந்தன.

நாளையிலிருந்து மேரி வர வேண்டாம். பேக்கிங்கும் கிடையாது. எனக்கு, வேலை நிரந்தரம்.

மேனேஜர் எனக்குக் கைகொடுத்தார். "இந்த மாற்றத்துல ரொம்ப அமைதியா இருந்தது நீங்கதானுங்க அக்கா." சிரித்தேன். த்தூ.

ஜூன் 30, திங்கள்

எதிர் ஸ்டூல் காலி. அவள் குச்சி மேஜையிலேயே கிடக்கிறது. யாரும் எடுக்கவில்லை, நானும்.

மதியம் மேரி போன் பண்ணினாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"என் காது போச்சு போல இருக்குது கோமதி. சூளச் சத்தத்துல கொஞ்சங் கொஞ்சமா போயிருக்கும். வூட்டுல குக்கர் விசிலு கேக்குதான்னு பசங்கள நிறுத்தி நிறுத்திக் கேக்குறேன். சிரிக்குதுங்க. சிதம்பரத்துல ஒரு காது டாக்டர் இருக்காராம், போயிட்டு வரேன்."

"சரி, போயிட்டு வா" என்றேன். நான் சொன்னது இவ்வளவுதான். இந்த வாயில்தான் சோறும் தின்கிறேன்.

ஜூலை 2, புதன்

காலையில் அரை மணி நேரம் கரண்டு கட். ஸ்பீக்கர் அடங்கியது. சூளை மூச்சு மட்டும். நான் தட்டினேன். கிணிங். கிணிங். எவ்வளவு நாளாயிற்று! ஷெட்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நேற்று நான் கோ குத்தி வைத்ததில் இரண்டு டொக். எடுத்து உடைத்தேன். கரண்டு வந்தது, குருவி கத்த ஆரம்பித்தது.

மாலை அறிவிப்பு: வெள்ளிக்கிழமை காலை எல்லாரும் நோட்டை ஒப்படைக்க வேண்டும். 'மனநிலை ஆய்வு' செய்ய மேலிடத்தில் கேட்கிறார்களாம். யாரும் பார்க்க மாட்டோம் என்று சொன்ன அதே வாய். பக்க எண் ஏன் அச்சடித்தார்கள் என்று இன்று விளங்கியது.

இவர் பஸ் ஸ்டாண்டில் தேடி, அதே போல நீல அட்டை நோட்டு ஒன்று வாங்கி வந்தார். தாமரை இல்லை, மயில். "எவன் உத்துப் பாக்கப் போறான்? இன்னிக்கு மனசு அமைதியா இருந்துச்சு, இன்னிக்கு மனசு அமைதியா இருந்துச்சு, இதயே எழுதிக் குடுத்துட்டு வா. பழச அடுப்புல போடு."

நாலு பக்கம் எழுதினேன். நன்றாகத்தான் வந்தது. அதுதான் பயமாக இருந்தது.

ஜூலை 3, வியாழன்

தூறல். வேலை விட்டு நேராக மேரி வீட்டுக்கு, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். இரண்டு நோட்டும் பையில்.

மேரி வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "ஏ, வாடி. டாக்டர் காதுல மிஷினு மாட்டிப் பாத்தாரு. சின்னப் புள்ள காது மாதிரி இருக்குதுன்றாரு. அப்பறம் எப்டிடி அந்தப் பதினேழும் தப்புச்சு? என் புத்திதான் எங்கியோ போயிருக்குது."

தாமரை நோட்டில் 19-ஆம் தேதிப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன்.

எழுத்துக்கூட்டிப் படித்தாள். முதல் தடவை வேகமாக. இரண்டாம் தடவை விரல் வைத்து. 'ஒரு தட்டு' என்ற இடத்தில் விரல் நின்றது. பிறகு 27-ஐயும் புரட்டிப் படித்தாள். துணி தூறலில் நனைந்துகொண்டிருந்தது, இரண்டு பேரும் எடுக்கவில்லை.

"நாப்பதுக்கும் நீ சீல் குத்தினது பரவால்ல" என்றாள். "எனக்காகத்தான் குத்தின. ஆனா நான் சிதம்பரம் போறேன்னு சொன்னப்ப, என் காதுக்கு ஒண்ணுமில்லன்னு ஒனக்குத் தெரியுமே. தெரிஞ்சே போயிட்டு வான்னியே."

நாளைக்கு இந்த நோட்டைத்தான் கொடுக்கப்போகிறேன் என்றேன்.

"குடு. குடுக்காம போ. அது ஒன் வேல."

உள்ளே போய்விட்டாள். டீ கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் டீ இல்லாமல் அவள் வீட்டிலிருந்து நான் திரும்பியது இல்லை.

ஜூலை 4, வெள்ளி

வானம் மூட்டம். அ.வ. முடிந்தது. மூச்சை இழுக்கச் சொன்னபோது நான் இழுக்கவில்லை.

மேனேஜர் ஒரு அட்டைப்பெட்டியோடு வரிசையாக வருகிறார். எனக்கு முன்னால் இன்னும் நான்கு பேர். மயில் நோட்டை இவர் காலையில் என் பையில் திணித்து அனுப்பினார், அது அடியில் கிடக்கிறது. இது மடியில். ஸ்பீக்கரில் குருவி. அவசரத்தில் எழுத்து கோணல். இருக்கட்டும்.

சார், தாமரைப் படம், மூச்சு, கருவாட்டுக் குழம்பு எதையும் படிக்க வேண்டாம். 19-ஆம் தேதிப் பக்கத்தின் ஓரத்தை மடித்திருக்கிறேன். அந்தப் பதினேழும் நான். அந்தப் பக்கத்தின் அடியில் என் சீலைக் குத்தியிருக்கிறேன், மூன்று தடவை. மேரிக்குக் காது நன்றாகக் கேட்கிறது. பெட்டியை நீட்டிவிட்டீர்கள். டாக்டர் சீட்டு அவளிட