மாவு வருகிறது, கதவு திறக்கவில்லை

என் பிரியமுள்ள சொர்ணக்காவுக்கு,

நல்ல சேதி சொல்லித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்பார்கள். என்னிடம் அப்படி ஒன்றும் இல்லை அக்கா. நீ எங்களை விட்டுக் கண்மூடியதிலிருந்து உன் மகள் இசக்கி பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை.

அத்தான் விடியுமுன்னே செங்கல் சூளைக்குப் போய்விடுகிறார். மூன்று வயது மாடசாமியை யார் பார்ப்பது? மூன்றாம் வகுப்புப் படிக்க வேண்டிய பிள்ளைதான் பார்க்கிறது. அவனுக்குச் சோறூட்டி, கால் கழுவிவிட்டு, அவன் உறங்குகிற நேரத்தில் பக்கத்து வீட்டில் சுற்றிய பீடிகளுக்குக் கூலிக்கு முனை மடக்குகிறது. பாளையங்கோட்டைக்கு என்னோடு கூட்டிப்போகிறேன் என்றேன். பிள்ளைகளைப் பிரிய அத்தானுக்கு மனசு வரவில்லை. அவரையும் என்ன சொல்ல?

தொண்ணூற்றிரண்டு வெள்ளத்துக்குப் பிறகு நம் தெருமுனையில் பால்வாடி கட்டினார்களே, அதற்காக நீ எத்தனை பேரிடம் கைகூப்பினாய்! டீச்சர் மாற்றலாகிப் போனதோடு அது பூட்டிக் கிடக்கிறது. வாரம் ஒருநாள் ஆயா வந்து திறந்து, சத்துமாவை வீட்டுக்கு வீடு கொடுத்துவிட்டுத் திரும்பப் பூட்டிவிடுகிறாள். பாட்டு இல்லை, கதை இல்லை, ஒன்றும் இல்லை. பீடி சுற்றுகிற வீடுகளில் சின்னதுகளைப் பழஞ்சேலையால் கட்டில் காலோடு கட்டிப் போட்டிருக்கிறார்கள். அதுகள் புகையிலைத் தூளில் புரண்டு, தும்மித் தும்மி அப்படியே உறங்கிப்போகின்றன. மாடசாமிக்கு இன்னும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வரவில்லை. அவனோடு பேச யார் இருக்கிறார்கள்?

பலசரக்குக்கடை அண்ணாச்சியிடம் நியாயம் கேட்டேன். சிரிக்கிறார்.

"என்னவே, மாவுதான் வீடு தேடி வருதே! பெறவு எதுக்குவே பிள்ளையள அங்கன கொண்டுபோய் அடைக்கணும்?"

கடையில் நின்றவர்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். பால்வாடி என்றால் மாவுக்கடை என்றே நினைத்துவிட்டார்களா இவர்கள்?

பால்வாடிகளைக் கவனிக்கிற ஆபீசுக்கும் போனேன். "பிள்ளைங்க வரல, அதான் பூட்டிக் கிடக்கு" என்றார் அங்கிருந்தவர். "பூட்டிக் கிடக்குன்னுதான் சார் வரல" என்றேன். மனு எழுதிக் கொடுக்கச் சொன்னார். கொடுத்திருக்கிறேன். விளங்கினாற்போலத்தான்.

அம்மா நடவுக்குப் போனபோது என்னை வைத்துக்கொண்டு நீ வீட்டோடு நின்றாய். அதனால்தான் நான் படித்தேன், நீ படிக்கவில்லை. அன்றைக்குப் பால்வாடி என்ற பேரே நமக்குத் தெரியாது. இன்றைக்குக் கட்டிடமே நிற்கிறது. அப்படியும் உன் மகளுக்கு இந்தக் கதியா?

நேற்று இசக்கி கேட்டாள்: "மாமா, தம்பி எப்பப் பெரியவனாவான்?"

"ஏன் தாயி?"

"அவன் பள்ளிக்கூடம் போனா நானும் போவலாம்லா. அப்ப என்னயச் சின்னப் பிள்ளையளோட உக்கார வச்சாலும் பரவால்ல மாமா."

அவள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை அக்கா.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு வருகிறேன். பூட்டை உடைப்பேன். மாடசாமியையும் தெருவிலுள்ள மற்ற சின்னதுகளையும் உள்ளே விட்டுவிட்டு, வாசலில் நானே உட்கார்ந்து பார்த்துக்கொள்வேன். போலீஸ் வந்தால் வரட்டும். அன்றைக்கு இசக்கி பள்ளிக்கூடம் போவாள். மறுநாளைக்கு என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் அந்த ஒரு நாள் அவள் போவாள். இது சத்தியம் அக்கா.

உன் பிள்ளைகளுக்குத் தாய்மாமன்,
உனக்குத் தம்பி,
முருகையா