பூசானுக்குப் போய் வந்தேன், இஞ்சாருங்கோ

இஞ்சாருங்கோ, வீடு முழுக்க நெத்தலி மணம். இரண்டு சன்னலையும் திறந்து வைத்துவிட்டுத்தான் பொரிக்கிறேன். ஆனாலும் மேல்வீட்டு நோர்வேக்கார மனுசி இந்நேரம் மூக்கைப் பொத்திக்கொண்டு பல்கனிக்கு வந்திருப்பா. வரட்டும். இது எங்கள் தமிழ்க்கடையில் வாங்கிய நெத்தலி இல்லை. பூசான் நெத்தலி. சந்தையில் குவித்து வைத்திருந்ததை நானே கையால் அள்ளி, மணந்து பார்த்து வாங்கி வந்தது. ஓம், உங்கள் பூசான்தான். போய் வந்துவிட்டேன்!

யாருக்குச் சொல்லுவது? உங்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். பூசானைப் பற்றி ஒஸ்லோவில் உங்களை விட யார் கதைத்தது? உங்களுக்கு வைத்த பேரே "பூசான் அண்ணை" அல்லவா. நோர்வேக்கு வர முந்தி நீங்கள் கப்பலில் குசினி வேலை செய்த காலம், கப்பல் பழுதாகிக் கொரியாவில் திருத்த விட்டார்கள் என்றும், அது முடியும் வரை பூசானில் ஒரு வீட்டில் அறை எடுத்து இருந்தீர்கள் என்றும் தெரியாத தமிழ்ச்சனம் இந்த ஊரில் இல்லை. துரொண்ட்ஹெய்முக்குப் படிக்கப் போகிறேன் என்று ஒரு பொடியன் விடைபெற வந்தால், "துரொண்ட்ஹெய்ம் கிடக்கட்டும் தம்பி. நீ எப்பவாவது பூசானுக்குப் போனியெண்டால்..." என்று தொடங்குவீர்கள். அவன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றே அவ்வளவும் கேட்பான்.

எனக்கும் எல்லாம் மனப்பாடம். "பஸ்ஸிலை ஏறின உடனை கம்பியைப் பிடியும். இருந்திட்டுப் பிடிப்பம் எண்டு நினைச்சீரோ, ஆள் விழுந்திடுவீர்." "குண்டானிலை இருந்து ஆவி மூண்டு கோடாப் போற மாதிரி ஒரு படம் இருக்கும். எழுத்து வாசிக்கத் தெரியாட்டியும் காரியமில்லை, அந்தப் படம் போட்ட வீட்டிலை அறை கேளும்." "கட்டில் கேக்காதையும். நிலத்திலை படும். நிலம் சுடும்." எங்கள் பியோர்ண்டால் வீட்டுக் குளியலறை நிலத்துக்குச் சூடு போட்டிருக்கிறது அல்லவா? முதல் நாள் அதில் காலை வைத்துவிட்டு, "இஞ்சாரும், இஞ்சை வாரும், இது பூசான்!" என்று கத்தினீர்கள். ஓடி வந்து பார்த்தால் வாளிக்குப் பக்கத்தில் துவாயை விரித்துப் படுத்திருக்கிறீர்கள். நான் சிரித்த சிரிப்பு உங்களுக்கு நினைவிருக்கும்.

ஒன்றை மட்டும் நீங்கள் சொல்லவில்லை. யோபோ.

பனியில் வழுக்கினால் "யோபோ". சட்டி கவிழ்ந்தால் "யோபோ". மூக்குக்கண்ணாடியைத் தேடினால் "யோபோ, யோபோ". அது பூசானில் "ஐயோ" மாதிரி ஏதோ ஒன்று என்றுதான் நான் முதலில் நினைத்தேன். கேட்டால் ஒரு சிரிப்பு. "அங்கை போய் நிண்டு கேட்டால்தான் விளங்கும். கூட்டிக்கொண்டு போறன், அப்ப தெரியும்." ஸ்தவாங்கரில் இருக்கும் உங்கள் தங்கைக்குச் சொல்லவா வேண்டும்? "மச்சாள், அது அண்ணாவின்ர பூசான் பெட்டையின்ர பேர். பழசை மறக்கேல்லை ஆள்!" அதற்கும் நீங்கள் சிரித்தீர்கள். இல்லை என்று ஒரு சொல் சொல்லவில்லை.

பிறகு உங்களுக்கு நெஞ்சு வருத்தம் வந்தது. ஆசுப்பத்திரியில், கண்ணை மூடினபடி, கடைசியாக உங்கள் வாயில் வந்த சொல்லும் அதுதான். "யோபோ." குனிந்து நின்ற நேர்ஸ், "யோபோ எண்டது ஆர்? கூப்பிட வேணுமோ?" என்று மகளைக் கேட்டா. மகளுக்கு உங்கள் வாயிலிருந்து கடைசி எழுத்துத்தான் காதில் விழுந்தது, நேர்ஸுக்குத்தான் தமிழ் விளங்கவில்லை என்று நினைத்தாள். "போ எண்டு சொல்லுறார் அம்மா. உங்களை வீட்டை போய்ப் படுக்கட்டாம்." உங்கள் தங்கை என்னைப் பார்த்தா. அந்தப் பார்வையைத்தான் நான் வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

போ என்று சொன்னீர்களா? வேறு யாரையும் கூப்பிட்டீர்களா? இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு குளிர்காலம் முழுக்க இருந்தேன். மகளிடம் சொன்னால் கொம்பியூட்டரில் தேடித் தந்திருப்பாள். கேட்கவில்லை. ஒருத்தியின் பேர் என்று வந்துவிட்டால் பிறகு அதைத் தெரியாத மாதிரி இருக்க முடியாதே.

அப்போதுதான் மகளின் கப்பல் கொம்பனி அவளை வேலையாகக் கொரியாவுக்கு அனுப்பியது. எந்த ஊருக்கு என்று கேட்டேன். சொன்னாள். கோப்பியை மேசையில் ஊற்றிவிட்டேன். "நானும் வாறன்!" அவளுக்குச் சந்தோசம், ஊர் பார்க்க வருகிறேன் என்று. டிக்கெட்டில் ஊரின் முதல் எழுத்து மாறியிருந்தது. உங்கள் பழைய கப்பல் படத்தின் பின்னால் இருந்தது P, இது B. நான் பயந்துபோனேன். "அம்மா, ஊர் ஒண்டுதான். அவையள் இங்கிலிசிலை எழுதிறதை மாத்திப்போட்டினம்" என்றாள். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதானே என்று பெட்டியை அடுக்கினேன். உங்கள் தங்கை விடுவாவா? தொலைபேசியில், "என்ன மச்சாள், சக்களத்தியைப் பாக்கப் போறியளோ? சீலை நல்லதாக் கொண்டு போங்கோ" என்றா. பகிடிக்குத்தான் சொன்னா. நான் நல்ல சீலையை எடுத்துப் பெட்டியில் வைத்தேன்.

சியோலில் இறங்கிக் கடுகதி ரயில் ஏறினோம். எனக்குக் கிடைத்தது பின்பக்கம் பார்த்த கதிரை. மலையும் வயலும் என்னை விட்டு ஓடிக்கொண்டிருக்க, முதுகைக் காட்டிக்கொண்டே உங்கள் ஊருக்குள் போய் இறங்கினேன். உங்கள் காலத்தில் நிலத்துக்குக் கீழே ரயிலுக்குத் தோண்டிக்கொண்டிருந்தார்கள் என்பீர்களே, அது முடிந்துவிட்டது! நீங்கள் குழியை மட்டும் கண்ட ரயிலில் நான் ஏறினேன். ஆனால் ஒன்று. ஒஸ்லோ மாதிரி டிக்கெட்டை வாங்கி மறந்துவிடக் கூடாது. வெளியில் போகவும் அதை மெசினுக்குக் காட்ட வேண்டும். நான் அதைக் கைப்பைக்குள் விபூதிப் பொட்டலத்தோடு போட்டுவிட்டுக் கதவடியில் நின்று தேடுகிறேன், பின்னால் சனம். "அம்மா, பில்லெத்! பில்லெத்தை எடுங்கோ!" எடுத்தேன். வெள்ளை வெளேரென்று விபூதி பூசியிருந்தது. அப்படியே மெசினுக்குள் விட்டேன், கதவு திறந்தது.

மகளுக்குக் கொம்பனி கடற்கரைப் பக்கம் பெரிய ஹோட்டல் கொடுத்திருந்தது. "வேலை தொடங்க இன்னும் நாள் கிடக்கு. அங்கையே போவம் அம்மா, நல்ல கட்டில் இருக்கு." "கட்டில் பியோர்ண்டாலிலும் இருக்குப் பிள்ளை. எனக்கு நிலம் வேணும்." மீன் சந்தைக்குப் பின்னால் ஒழுங்கை ஒழுங்கையாகப் பெட்டியை இழுத்துக்கொண்டு உங்கள் ஆவிப் படத்தைத் தேடினோம். கண்டேன்! குண்டான், மூன்று கோடு, நீங்கள் சொன்னபடியே. "இதுதான்!" என்று உள்ளே போனேன். இருந்த பெண் எங்கள் பெட்டிகளை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு ஆளுக்கு ஒரு துவாயைத் தந்தாள். நல்ல உபசாரம் என்று நினைத்தேன். உள்கதவைத் திறந்தால் ஊர்ப் பெண்கள் எல்லாம் உடுப்பில்லாமல் தொட்டிக்குள் இருக்கிறார்கள்! "அம்மா, இது குளிக்கிற இடம்!" மகள் என்னை வெளியில் இழுத்து வந்து, வீதியில் குந்தியிருந்து சிரித்தாள். அந்தப் படத்தைக் குளிக்கும் இடத்துக்கும் போடுவார்கள், தங்கும் இடத்துக்கும் போடுவார்கள் என்று ஒரு சொல் சொல்லியிருக்கக் கூடாதா? இரண்டு கதவு தள்ளித்தான் தங்கும் வீடு இருந்தது. உங்களை நினைத்து நானும் சிரித்தேன். நீங்கள் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்தது அதுதான் முதல் தரம்.

அறையில் கட்டில் இல்லை. மெத்தையை விரித்து நிலத்தில் கையை வைத்தேன். சூடு. நீங்கள் சொன்ன சூடு, அப்படியே உள்ளங்கைக்கு ஏறியது. சாப்பாடும் பொய்யில்லை. சந்தையில் கீழே மீனைக் கையால் காட்டினோம், மேலே கொண்டு போய்ப் பொரித்துத் தந்தார்கள். பச்சையாக வெட்ட வந்தபோது நீங்கள் சொன்ன மாதிரிக் கையை ஆட்டினேன், விட்டுவிட்டார்கள். கேளாமலே சின்னச் சின்னத் தட்டுகள் மேசை நிறைய வந்தன. முட்டைக்கோவா ஊறுகாய், முளைவிட்ட பயறு, கருவாட்டு நெத்தலி. முடிந்தால் திரும்ப வைக்கிறார்கள், அதற்குத் தனியாகக் காசில்லை! "இன்னும் வேணுமோ" என்று பரிமாறின பெண் கையால் கேட்க, நான் "ஓமம்மா, ஓமம்மா" என்றேன். அவவுக்கு ஒரே சிரிப்பு. பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டு மகள் சொன்னாள், "அம்மா, அவையின்ர பாசையிலையும் அம்மாவை அப்பிடித்தான் கூப்பிடுறதாம். நீங்கள் அவவை அம்மா, அம்மா எண்டு கெஞ்சிறியள்!" கெஞ்சினதற்கு இன்னொரு மீன் வந்தது.

இவ்வளவு சந்தோசத்திலும் என் காது மட்டும் வேறு வேலையாக இருந்தது. பஸ்ஸில், சந்தையில், கடையில், யாராவது பெண்ணை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் காலமை, நிலத்துச் சூட்டை விட்டு எழும்ப மனமில்லாமல் கிடக்கிறேன். கீழே இருந்து வீட்டுக்கார மனுசி ஒரு சத்தம் போட்டா.

"யோபோ!"

நான் தலையைத் தூக்கிக் காது கொடுத்தேன். மேல்மாடியில் இருந்து அவவின் மனுசன் ஏதோ முணுமுணுத்தபடி படியிறங்கிப் போனார். அப்போ அது ஒரு ஆம்பிளையின் பேர்! நெஞ்சில் இருந்து ஒரு பாரம் இறங்கினது மாதிரி இருந்தது. அது இறங்கி முடிய முந்தி கீழே அந்த மனுசன் கத்துகிறார், "யோபோ!" மனுசி எரிந்து விழுந்து பதில் சொல்லுகிறா. நான் எழும்பி இருந்துவிட்டேன்.

"பிள்ளை, எழும்பு. இந்த ரெண்டு பேருக்கும் ஒரே பேரோ?"

"என்ன பேர் அம்மா?"

"யோபோ."

மகள் போர்வையை விலக்கி என்னைப் பார்த்தாள். அவளுக்கும் ஆசுப்பத்திரி நினைவு வந்துவிட்டது. "அப்ப அது போ இல்லையோ?" என்றாள், மெல்ல.

வீட்டு உடுப்போடேயே கீழே போனேன், மகளும் பின்னால் வந்தாள். மனுசி உள்ளிப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தா. எனக்கு வேறு என்ன பாசை தெரியும்? அவவைப் பார்த்து, "யோபோ?" என்றேன். உள்ளி கையிலிருந்து உருண்டது. மனுசனைக் கூப்பிட்டு என்னைக் காட்டிக் காட்டிச் சிரிக்கிறா. பிறகு எங்கள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினா. அவவுக்குத் தெரிந்த இங்கிலிசில் தன்னையும் மனுசனையும் மாறி மாறிக் காட்டி, புருசன், பெண்சாதி என்றா. புருசன் பெண்சாதியைக் கூப்பிடுவதும் அதுதான், பெண்சாதி புருசனைக் கூப்பிடுவதும் அதுதான். மகள் இன்னும் ஏதோ கேட்க, மனுசி உள்ளிக் கையால் நிலத்தைத் தட்டி "யோகி" என்றா. பிறகு இரண்டு விரலைத் தன் கண்ணுக்குக் காட்டி "போ" என்றா. திரும்பவும் நிலத்தைத் தட்டினா, கண்ணைக் காட்டினா.

இங்கே. பார்.

இங்கே பார். இங்கே பாருங்கோ.

"இஞ்சாருங்கோ!" நான் போட்ட சத்தத்தில் மனுசன் பின்னுக்குப் போனார். "பிள்ளை, இஞ்சாருங்கோ! இஞ்சாரும்! அதுதான் அது!" மகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மனுசி "இஞ்சாரூ, இஞ்சாரூ" என்று மனுசனைக் கூப்பிட்டுப் பார்த்தா. அவர் "ம்?" என்றார். நாங்கள் நாலு பேரும் சிரித்தோம், அதில் இரண்டு பேர் அழுதோம். மனுசி என் மணிக்கட்டைப் பிடித்து இருத்தி ஒரு கிண்ணம் சூப் வைத்தா. நெத்தலி போட்டு அவித்த சூப். குடித்து முடியும் வரை பக்கத்திலேயே இருந்தா. பிறகு என்னைச் சந்தைக்குக் கூட்டிப் போய் இந்த நெத்தலியைக் காட்டித் தந்தா.

பூசானில் அறை தந்த வீட்டில் புருசனும் பெண்சாதியும் நாள் முழுக்கச் சண்டை, ஆனால் ஒருவரை ஒருவர் கூப்பிடாமல் அரை மணித்தியாலம் இருக்க மாட்டினம் என்று நீங்கள் சொல்லுவீர்களே, அவர்களிடம்தான் அந்தச் சொல்லைப் பொறுக்கினீர்கள் போல. பிறகு பனியில் விழுந்தபோதும், சட்டி கவிழ்ந்தபோதும், கண்ணாடி காணாமல் போனபோதும் நீங்கள் கூப்பிட்டது என்னை. நான்தான் ஐயோ என்று நினைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றிருக்கிறேன்.

ஒஸ்லோவில் வந்து இறங்கின அன்றே ஸ்தவாங்கருக்குப் போன் அடித்தேன். "மச்சாள், உங்கடை அண்ணா கூப்பிட்ட ஆளைக் கண்டுபிடிச்சிட்டன்."

"ஐயோ! உண்மையாவே? ஆரவள்?"

"நான்தான்."

சொல்லி முடித்தேன். மச்சாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அண்ணா அப்பவே சொல்லியிருக்கலாம், கள்ளன்" என்றா. கொஞ்சம் பொறுத்து, தன் மனுசனைக் கூப்பிடுவது கேட்டது. "யோபோ! யோபோ! இஞ்சை ஒருக்கா வாங்கோ!"

அந்த நேர்ஸைத் திரும்பக் கண்டால் சொல்லுவேன், யோபோ நான்தான், கூப்பிடத் தேவையில்லை, பக்கத்தில்தான் நின்றேன் என்று. நெத்தலி பொரிந்துவிட்டது, அடுப்பை நிற்பாட்டிவிட்டேன். உங்களுக்கு ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கடைசியாக இங்கே பாரும் என்று சொன்னீர்கள். நீங்கள் கண்ணை மூடியிருந்தபடியால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. இஞ்சாருங்கோ, அப்போது நான் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.