படுத்தால் வேலை செய்யாத லென்ஸ்

யார்க்டன், சஸ்காட்செவன்
நவம்பர், ஞாயிறு மத்தியானம்

அன்பு மகள் லாரிசாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனதைப் பற்றி மட்டும் கேட்காதே. அங்கே பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையுமில்லாமல் இருக்கவேண்டும் என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். அம்மாவின் கடைசிக் காலையைப் பற்றி உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும், போனில் உன் முகத்தைப் பார்த்ததும் வாய் அடைத்துப்போகிறது, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

இங்கே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. பக்கத்து வீட்டு ஹன்யா முட்டைக்கோஸ் இலையில் சோற்றைச் சுருட்டிச் சுருட்டிக் கொண்டுவந்து தருகிறாள், ஃப்ரீசரில் இனி இடமில்லை, வேண்டாம் என்றால் இன்னும் இளைச்சா உன்னையும் சேர்த்துப் பொதைக்கவேண்டியதுதான், நிலம் வேற உறைஞ்சு கெடக்கு என்று திட்டுகிறாள். அடுத்த ஞாயிறு அம்மாவுக்கு நாற்பதாம் நாள் வழிபாடு. நான்தான் நின்று பாடவேண்டும் என்கிறார் பாதிரியார், எனக்குக் குரல் வருமா தெரியவில்லை.

ஏன்ப்பா லென்ஸ் போடாம மறுபடி சோடாபுட்டிக் கண்ணாடியோட இருக்கே என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறாய். சொல்கிறேன். மேலே தூரத்துக்கும் கீழே கிட்டத்துக்குமாக இரண்டு பாகம் வைத்த கண்ணாடியோடு சர்ச்சில் பாடும்போது, புத்தகம் தெரிய நான் தாடையைத் தூக்குவேன். ஊர்ச் சனத்தையெல்லாம் மூக்கு நுனியால பாக்குறான் பாரு, பெரிய பிஷப்பு என்று கேலி செய்து, உன் அம்மாதான் என்னைக் கண் டாக்டரிடம் இழுத்துப்போனாள். அந்த டாக்டரம்மா கண்ணுக்குள் வைக்கக் கொடுத்த லென்சிலும் அதேபோல இரண்டு பாகம். அதன் அடி விளிம்பு கீழ் இமைமேல் உட்கார்ந்திருக்கும், பார்வையைத் தாழ்த்தினால் இமை அதை மேலே தள்ளும், படிக்கிற பாகம் கண்மணிக்கு நேரே வந்துவிடும். ஆனா நிமிர்ந்து இருந்தாத்தான் வேலை செய்யும், படுத்தா அது இஷ்டத்துக்குச் சுத்திக்கும், நீங்க படுத்துக்கிட்டுப் படிக்கிற ஆளா என்று கேட்டாள். எங்க வீட்டுல கட்டில் தூங்கறதுக்குத்தான் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். முதலில் கண்ணீராகக் கொட்டியது, பிறகு பழகிவிட்டது. தாடையைத் தூக்காமல் பாடிய ஞாயிற்றுக்கிழமை அம்மா முன் பெஞ்சிலிருந்து கண்ணடித்தாள்.

அம்மா போன அன்று காலை, அவள் படுத்திருந்த முன்னறைக் கட்டிலுக்கு எதிரே அலமாரியில் உன்னைப் போனில் சாய்த்து வைத்திருந்தேன், நினைவிருக்கும். பக்கத்துல வந்து படு என்றாள், படுத்தேன். என் முதுகுதான் உனக்குத் தெரிந்திருக்கும், அவள் முணுமுணுத்தது கேட்டிருக்காது. ஒரு சாண் தூரத்தில் அவள் முகம், எனக்கோ தண்ணீர் பட்ட மை மாதிரி கலங்கித் தெரிகிறது. எப்படி இருக்கேன் என்றாள். நல்லாத்தான் இருக்கே என்றேன். பொய் சொல்லாதே, கண்ணை இடுக்குறே, லென்ஸ் சுத்திக்கிச்சு, கழட்டித் தொலை, உனக்குத்தான் கிட்டத்துல வெறுங்கண்ணே போதுமே என்றாள். கழற்றினேன். லாரிசா, அப்போது பார்த்தேன் உன் அம்மாவை. வெடித்த உதடு, காதோரத்து மச்சம், மஞ்சள் பாரித்த கண், அதில் பாதி மிஞ்சியிருந்த குறும்பு, எல்லாம் பார்த்தேன். அவள் முகத்துக்கு அப்பால் அந்த அறையில் எனக்கு வேறு எதுவுமே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் தொண்டை காயுது, டீ கொடு என்றாள். நம் வீட்டுச் சமையலறைக்குப் போக லென்ஸ் எதற்கு, அப்படியே எழுந்துபோனேன். வாசலில் நின்று திரும்பினேன். போர்வை, திரை, அவள் முகம் எல்லாம் ஒரே வெள்ளைப் பூச்சு. அதில் ஏதோ மேலே எழும்பியது, கைதான் என்று நினைக்கிறேன். போய்வா என்றாளா, போகாதே வா என்றாளா, எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததுபோல் சிரித்துவிட்டுப் போனேன். கோப்பையோடு வரும்போது நீ போனில் அலறிக்கொண்டிருந்தாய்.

அதற்குப் பிறகு ஒருநாள் லென்சைப் போட்டேன். அந்த வாசலில் நின்று பார்த்தால் கட்டில் இருந்த இடம், தரையில் அதன் கால் பதிந்த தடம்கூடத் துல்லியமாகத் தெரிகிறது. இப்போது தெரிந்து யாருக்கு என்ன. உடனே கழற்றிவிட்டேன்.

நீ அவளுக்கு நேர் எதிரே இருந்தாய், உன் கண் நல்ல கண். அம்மா கை என்ன சொன்னது? அப்பா தாங்கமாட்டார் என்று எதையும் பூசி மெழுகாதே. கூப்பிட்டாள் என்றால் கூப்பிட்டாள் என்றே எழுது.

வெயிலில் தொப்பியில்லாமல் திரியாதே. மாப்பிள்ளைக்கு என் அன்பு. கடவுளின் கை எப்போதும் உங்கள் இருவர் தலைமேலும் இருக்கட்டும். பதிலைப் போனில் சொல்லவேண்டாம், காகிதத்தில் அனுப்பு. கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்துக்குக் கிட்டே வைத்து நானே படித்துக்கொள்கிறேன்.

உன் அப்பா,
நெஸ்டர்