டோக்கன் திரும்பாத ஞாயிறு

மாரிகுப்பம்
ஐப்பசி, வெள்ளிக்கிழமை

அன்பு மகன் ராகுலனுக்கு அம்மா எழுதுவது. நீயும் அமலாவும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நாங்கள் நலம் என்று எழுதினால் பாதிப் பொய், நலமில்லை என்று எழுதினால் நீ சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாய், அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனை எடுத்தால் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார், அவர் காதில் விழாமல் சொல்ல வேண்டியது எனக்கு நிறைய இருக்கிறது. வீட்டைப் பூட்டிவிட்டு ஜாம்நகருக்கே வந்துவிடுங்கள், குவார்ட்டர்ஸில் ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது என்று மழைக்கு முன்பு கேட்டாயே, அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நடந்ததைச் சொல்லாமல் பதிலை மட்டும் எழுதினால் உனக்குப் புரியாது.

இந்த வருஷம் மழை ஏமாற்றவில்லை. நம் லைன் வீடுகளுக்குப் பின்னால் ஏரி கரையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. வாய்க்கால் வந்து விழும் இடத்தில் சம்புக் கோரை ஆள் உயரம் வளர்ந்து, அதற்குள் முக்குளிப்பான்கள் கூடு கட்டி, குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்துவிட்டு வந்து உன் அப்பா சொன்னபோது இருந்த முகம், உன்னை முதன்முதலில் கையில் வாங்கியபோதுகூட இல்லை, கோபித்துக்கொள்ளாதே. எனக்குப் பறவையைவிடப் போர்வெல்தான் முக்கியம். கரையை ஒட்டி இருக்கிற அந்த ஒரு போர்வெல் தண்ணீரைத்தான் மொத்த லைனும் குடிக்கிறது, ஏரி கெட்டால் அதுவும் கெட்டது. அதனால்தான் சோப்புத் தண்ணீர் ஏரியில் சேரக்கூடாது, குஞ்சு பொரிக்கிற காலத்தில் வலை வீசக்கூடாது என்று எல்லோரும் கூடி முடிவு செய்தார்கள். முடிவு செய்தது அப்பா, குடம் குடமாக வீட்டுக்குத் தண்ணீர் சுமந்து துணி துவைப்பது நான். இதற்கெல்லாம் லைன் ஜனங்கள் அடங்கினாலும் டவுனில் இருந்து வரும் செப்டிக் டேங்க் லாரிகள் அடங்குவதில்லை. ஆள் இல்லாத வாய்க்காலாகப் பார்த்துக் கவிழ்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள், அதற்காகத்தான் காவல்.

காவலையும் உன் அப்பா தங்கச் சுரங்கத்தில் பார்த்த மைன் வேலை மாதிரியே ஷிப்ட் போட்டு, டோக்கன் வைத்து நடத்தினார். நீ நடக்கப் பழகும்போது மைன் மூடிவிட்டது, உனக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் சுரங்கத்துக்குள் இறக்கும் இரும்புக் கூண்டில், அந்தக் கேஜில் ஏறி இறங்கும் ஒவ்வொருவரும் தன் பித்தளை டோக்கனை எடுத்துக்கொண்டு போக வேண்டும், மேலே வந்ததும் ஆணியில் மாட்ட வேண்டும். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம், எந்த வேலையாக இருந்தாலும் போட்டுவிட்டு எல்லோரும் அவனைத் தேடப் போவார்கள். அதே மாதிரி கங்கம்மாவின் டீக்கடையில் ஒரு பலகையை மாட்டி, காவலுக்குப் போகிறவர்கள் டோக்கனோடு போய் டோக்கனோடு வரவேண்டும் என்று வைத்தார். இது என்ன வயசான காலத்தில் விளையாட்டு என்று நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கரைக் காவல் ஜெயகரனுடையது. கடைசி லைனில் இருக்கிறானே, பெங்களூரில் செக்யூரிட்டி வேலைக்குத் தினமும் ரயிலில் போகிற பையன், அவன்தான். காவலில் இருக்கும்போதே கம்பெனியில் இருந்து போன் வந்திருக்கிறது, ஆள் வரவில்லை உடனே கிளம்பு என்று. ஸ்டேஷனில் ரயில் நிற்கிறதைப் பார்த்து ஓடி ஏறிவிட்டான், டோக்கன் சட்டைப் பையில், அந்தப் பேச்சோடு போனில் சார்ஜும் தீர்ந்துவிட்டது. பொழுது சாயும்போது கங்கம்மா பலகையைப் பார்த்தாள். ஆணி காலி. கரையில் அவன் செருப்பும் தண்ணீர் பாட்டிலும் கிடந்தன, பையில் வைத்திருந்த யூனிபார்ம் ஷூவை மாட்டிக்கொள்ளும் அவசரத்தில் விட்டுவிட்டுப் போனவை. அவள் போட்ட சத்தத்தில் லைனே திரண்டுவிட்டது. வாய்க்கால் முனையில் காவலுக்கு இருந்தவர்களும் அதை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். யாரும் யோசிக்கவில்லை, அவர்கள் ரத்தத்தில் அப்படித்தான் ஊறியிருக்கிறது. மூச்சு வாங்கும் உன் அப்பாகூட மார்பளவு தண்ணீரில் இறங்கிக் காலால் துழாவிக்கொண்டிருந்தார், நான் கரையில் நின்று அவர் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தேன்.

ஜெயகரன் பெங்களூர் போய்ச் சேர்ந்து, போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் பேசினான். எல்லோரும் அப்பாடா என்று தரையில் உட்கார்ந்தபோதுதான் நாற்றம் வந்தது. காவலில்லாத வாய்க்காலில் ஒரு லாரி முழுவதையும் திறந்துவிட்டுப் போயிருந்தார்கள். ஈரத் துணியோடு அப்படியே ஓடிப்போய் மண் மூட்டை அடுக்கி வாய்க்கால் வாயை அடைத்தார்கள், பாதிக்கு மேல் அங்கேயே நின்றுவிட்டது. மீதி உள்ளே போய்விட்டது. விடிந்து பார்த்தால் சம்பு ஓரமெல்லாம் மீன் செத்து மிதக்கிறது. முக்குளிப்பான் கூடு ஒன்று அழுக்கில் ஊறிக் கிடந்தது, முட்டை அப்படியே இருந்தது, தாய் வரவேயில்லை. போர்வெல் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று முனிசிபாலிட்டிக்காரர்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். இன்றுவரை டேங்கர் தண்ணீர்தான், கால்கடுக்க நின்று பிடிக்கிறோம்.

அடுத்த நாள் கூட்டத்தில் சௌந்தரராஜன், உன் அப்பாவோடு ஒரே ஷிப்டில் இறங்கியவர், எல்லார் முன்னாலும் எழுந்து, செத்துப்போன மைனோட சட்டத்த ஏரியில கொண்டாந்து வெச்சா இன்னா ஆவும், இதான் ஆவும், உன்னாலதான் தர்மா என்று சொல்லிவிட்டார். அப்பா ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார், தண்ணியில ஆளு இருக்கறானோ இல்லியோன்னு தெரியாதப்ப நீ வாய்க்காலுக்குப் போயிருப்பியா என்று. கேட்டுவிட்டு எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு கரைப் பக்கமே போகவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார், தட்டில் வைத்தது அப்படியே இருக்கிறது, இருமல் மட்டும் குறையவில்லை. ஜெயகரன் தினமும் ரயிலுக்கு முன்னால் வந்து வாய்க்காலில் இறங்கிச் சேறு அள்ளுகிறான். நம் வாசலைத் தாண்டும்போது தலையைத் தூக்குவதில்லை. அவன்மேல் எனக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. எதற்குமே தெம்பில்லை.

இப்போது வாய்க்கால் முனையில் ஏரியே பற்றி எரிந்தாலும் அசையாத ஆள் ஒருவர் இருக்க வேண்டும் என்று சொல்கிறார்கள். யார் என்று கேட்டால் ஒருவர் அடுத்தவரைக் கை காட்டுகிறார். ஆள் காணோம் என்றால் ஓடாமல் நிற்க இவர்களால் முடியாது. மைனில் இறங்காத ஆள்தான் சரி என்று கங்கம்மாதான் சொன்னாள். சரி, நான் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு வாரமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். முட்டி வலிக்கிறது, கொசு பிய்க்கிறது, அங்கே உட்கார்ந்து எத்தனை முறை உன் அப்பாவைத் திட்டினேன் என்று எனக்கே தெரியாது. அழுக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை, தப்பித்த குஞ்சுகள் ஏரியின் அந்தக் கோடியில் இருக்கின்றன.

நேற்று சாயங்காலம் அப்பா எழுந்து உட்கார்ந்து, போயிடலாம் செல்வி, பையன்தான் கூப்டறான் இல்ல, இங்க நம்மால இன்னா ஆவப்போவுது என்று சொன்னார். இந்த வார்த்தையை அவர் வாயில் இருந்து கேட்க எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியும். உன்னிடமே எத்தனை முறை அழுதிருக்கிறேன். கண்ணா, அவர் சரி என்று சொல்லிவிட்டார், நான்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன் அப்பா உன் வீட்டுக்கு வரட்டும், ஆனால் இப்படிச் சுவரைப் பார்த்துக்கொண்டு வரவேண்டாம். நாங்கள் வரவில்லை. இந்தத் தண்ணீர் தெளிந்து, அவர் கரையில் போய் நின்று நாலு பேரை அதட்டுகிற நாள் வரட்டும், அப்போது நீ கேள், அவர் மாட்டேன் என்பார், போகலாம் என்று நான் அவரோடு சண்டை போடுகிறேன்.

நீ வருத்தப்படாதே. வேளைக்குச் சாப்பிடு, அமலாவுக்கு இரும்புச் சத்து மாத்திரை தவறக்கூடாது. புத்தர் படத்துக்கு முன்னால் தினமும் உங்கள் இருவர் பெயரையும் சொல்லித்தான் விளக்கேற்றுகிறேன், நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். இந்தக் கடிதம் வந்ததை அப்பாவிடம் சொல்லாதே. பொங்கலுக்கு லீவு கிடைத்தால் வா. வரும்போது ஸ்வீட் எல்லாம் வேண்டாம், சேற்றில் இறங்கத் தோதாகப் பழைய பேன்ட் ஒன்று எடுத்துக்கொண்டு வா. ஆள் போதவில்லை.

இப்படிக்கு உன் அம்மா,
த. செல்வி